பகற்கனவு அல்ல, வலிப்பு: 'ஆப்சென்ஸ்' வலிப்பின் அறிகுறிகளை அறிவது எப்படி?

வகுப்பில் பாடம் வாசித்துக்கொண்டிருக்கும் சிறுமி ஒரு வரியின் நடுவே சட்டென்று நின்றுவிடுகிறாள். பார்வை ஓரிடத்தில் நிலைகுத்துகிறது. பத்து நொடிகளில், எதுவும் நடவாததுபோல் மீண்டும் தொடங்குகிறாள். ஆனால் எந்த வரியில் நிறுத்தினாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. கவனக்குறைவு என்று ஆசிரியர் கடிந்துகொள்ளும் இந்த நொடிகள், 'ஆப்சென்ஸ்' எனப்படும் ஒருவகை வலிப்பாகவும் இருக்கக்கூடும்.

வலிப்பு என்றதும் கீழே விழுந்து கை, கால் வெட்டி இழுப்பதே நம் நினைவுக்கு வருகிறது. இவ்வகையில் பிள்ளை பெரும்பாலும் விழுவதில்லை. மூளையின் இரு பக்கங்களிலும் ஒரே நேரத்தில் இயல்புக்கு மாறான மின் துடிப்புகள் எழுவதால், சில நொடிகளுக்கு மட்டும் உணர்வு தடைபடுகிறது. பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் இது தொடங்குகிறது.

பகற்கனவிலிருந்து இதை எவ்வாறு பிரித்தறிவது? கனவில் ஆழ்ந்த பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தாலோ தோளைத் தொட்டாலோ திரும்பிப் பார்க்கும். வலிப்பில் அது நிகழாது. மேலும், பகற்கனவு சலிப்பூட்டும் வேளையில் வருவது. இவ்வலிப்போ பேச்சின் நடுவிலும், உண்ணும்போதும், விளையாட்டின் விறுவிறுப்பிலும் குறுக்கிடும். இமைகள் படபடத்தல், உதடுகளைச் சப்புதல், விரல்களால் உடையைத் தடவுதல் ஆகியவையும் காணப்படலாம்.

ஒவ்வொரு முறையும் பொதுவாக 30 நொடிகளுக்குள் முடிந்துவிடுகிறது. ஆயினும் ஒரே நாளில் பல பத்து முறை, சிலருக்கு நூறு முறைக்கு மேலும் வருவதுண்டு. பாடத்தில் அத்தனை துண்டுகள் விடுபட்டுப்போகும் பிள்ளையை 'மந்தம்' என்று முத்திரை குத்துவது எத்தனை பெரிய அநீதி!

ஐயம் எழுந்தால், அந்த நொடிகளைக் கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டலாம். மருத்துவர் சுமார் 3 நிமிடம் பிள்ளையை வேகமாக மூச்சு இழுத்துவிடச் சொல்வார். சிகிச்சை பெறாத பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அப்போதே வலிப்பு தோன்றிவிடும். இ.இ.ஜி. பரிசோதனையில் நொடிக்கு மூன்று என்ற அளவில் எழும் அலைகள் இதை உறுதிப்படுத்தும்.

எத்தோசக்சிமைடு, வால்புரோயேட் ஆகிய மருந்துகள் நல்ல பலன் தருகின்றன. வேறு வகை வலிப்புகளுக்குத் தரப்படும் கார்பமாசபைன் இதைத் தீவிரமாக்கக்கூடும் என்பதால், மற்றொருவருக்கு எழுதித் தந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது ஆபத்தானது. கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதாலும் பயனில்லை. அருகில் இருந்து கவனித்தாலே போதும். வலிப்பு 5 நிமிடங்களைக் கடந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

வலிப்பு கட்டுப்படும் வரை, பெரியவர் துணையின்றிக் குளத்தில் இறங்கவோ போக்குவரத்து மிகுந்த சாலையில் மிதிவண்டி ஓட்டவோ அனுமதிக்கக் கூடாது. வளரிளம் பருவத்தை எட்டும்போது பலருக்கு இவ்வலிப்பு நின்றுவிடுகிறது. ஆனால் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.