ஒரு போல்ட்டுதானே?



"ஒரு போல்ட்டுதானே மச்சி, கையில கெடச்சத போட்டு டைட் பண்ணு!" நம் ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. சிலிண்டர் ஹெட் விஷயத்தில் இந்த வசனத்துக்கு விலை அதிகம்.

சென்ற விடுமுறையில் செங்கல்பட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பயிற்சிக்குப் போயிருந்தேன். மாமல்லபுரம் சவாரி ஓட்டும் டாக்சி ஒன்று வந்தது. ஹெட் கேஸ்கட் மாற்றி ஒரு மாதம் ஆகவில்லை; அதற்குள் ரேடியேட்டரில் மறுபடியும் குமிழி. "புது கேஸ்கட்தானே அண்ணே போட்டிருக்காங்க?" என்றேன். மெக்கானிக் அண்ணன் கழற்றிய பத்து போல்ட்டுகளையும் வரிசையாக நிறுத்தி, "நீயே பாரு தம்பி" என்றார். மூன்று போல்ட்டுகள் மற்றவற்றைவிட நீளமாக இருந்தன! கேஸ்கட் புதுசு, போல்ட்டு பழசு. டிரைவருக்கு இரட்டைச் செலவு. நாலு நாள் வருமானமும் போச்சு.

போல்ட்டு ஒரு ஸ்பிரிங்

முடுக்கும்போது போல்ட்டு சற்றே நீள்கிறது. மீண்டும் சுருங்கப் பார்க்கும் அந்த விசைதான் ஹெட்டை அமுக்கிப் பிடிக்கிறது. அலுமினிய ஹெட் சூட்டில் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அப்போது போல்ட்டு இன்னும் இழுபடும். எல்லை தாண்டி நீண்டுவிட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பாது, பிடியும் தளரும்.

எண் சொல்லும் செய்தி

போல்ட்டின் தலையில் 10.9 என்றிருந்தால், இழுவலிமை 1000 மெகா பாஸ்கல். அதில் 90 சதவீதத்தில், அதாவது 900-ல், நிரந்தரமாக நீளத் தொடங்கும். 8.8-க்கு இவை 800, 640. என்ஜினில் முதலில் இருந்த ரகம் எதுவோ அதே ரகம், அதே நீளம், அதே மரைதான் போட வேண்டும். வண்டலூரில் உருவான பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டில் ஹெட்டைப் பிடிப்பது ஸ்டட்டும் நட்டும். மரையோ அங்குல அளவு. அதில் மெட்ரிக் நட்டைத் திணித்தால் மரை காலி!

மேனுவலில் "இவ்வளவு முறுக்கு, பிறகு இத்தனை டிகிரி" என்றிருந்தால் அது பெரும்பாலும் எல்லைவரை நீட்டப்படும் ரகம். ஒரு முறை கழற்றினால் புதுசுதான். முறுக்கு மட்டும் சொல்லியிருந்தால் நீளத்தை அளந்து, ஒரு நட்டை மரை முழுக்கக் கையால் ஓட்டிப் பாருங்கள். நடுவில் சிக்கினால் தூக்கிப் போடுங்கள். புதுப்பேட்டையில் பழைய டைனமோ வாங்கலாம். பழைய ஹெட் போல்ட்டு வேண்டாம். நல்ல போல்ட்டுக்குச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. 1966 முதலே பாடியில் சுந்தரம் பாஸ்டனர்ஸ் உயர்வலு போல்ட்டு செய்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

10 மி.மீ. விட்டமுள்ள 10.9 போல்ட்டு பாதுகாப்பாகத் தாங்குவது சுமார் 48 கிலோ நியூட்டன். அதில் முக்கால் பங்கு, 36 வேண்டும் என்று வைப்போம். உலர்ந்த மரைக்கு 72 நியூட்டன் மீட்டர் முறுக்கு தேவை. எண்ணெய் தடவினால் 54 போதும். காரணம், நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய 90 சதவீதத்தை உராய்வே தின்றுவிடுகிறது. எண்ணெய் தடவிய போல்ட்டுக்கும் அதே 72 கொடுத்தால் இழுவிசை 48-ஐத் தொட்டுவிடும்! ஆகவே எண்ணெய் போடுவதா வேண்டாமா என்பதை மேனுவல் சொல்லட்டும். நம் பழக்கம் சொல்ல வேண்டாம்.

கடற்கரைக்காரர்கள் கவனத்திற்கு

"கோவளம், கல்பாக்கம் பக்கம் உப்புக்காத்து, ஸ்டெயின்லெஸ் போல்ட்டு போட்டா துருப்பிடிக்காதே?" என்று கேட்கலாம். சாதாரண ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 450 மெகா பாஸ்கலிலேயே நீண்டுவிடும், 10.9-ல் பாதிதான்! "அப்போ 12.9 போடலாமா?" அதுவும் வேண்டாம், அவ்வளவு கடினமான எஃகு உப்பு ஈரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் விரிசல் விடக்கூடும். ரேடியேட்டரில் உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாமல் கூலன்ட் ஊற்றுவதே சரியான பாதுகாப்பு. சில என்ஜின்களில் போல்ட்டு அந்தத் தண்ணீருக்குள்தான் நிற்கிறது.

மாட்டும் முன் போல்ட்டுக் குழிகளைத் துடைத்துக் காய வையுங்கள். அடியில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் முடுக்கும் அழுத்தத்தில் பிளாக்கே விரிசல் விடலாம். பிறகு டார்க் ரெஞ்சால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேனுவல் சொன்ன வரிசையில், படிப்படியாக முடுக்குங்கள்.

தோழர்களே, நாளை நாம் பூட்டிக் கொடுக்கும் என்ஜினை நம்பி ஒரு குடும்பம் சாப்பிடும். அடுத்த முறை யாராவது "ஒரு போல்ட்டுதானே" என்றால், அளந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லுவோம்!