திரையில் தெரியும் பானை

தண்டலத்தில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரமாகச் சிறிது நேரம் நின்று பாருங்கள். புதுக் கார்களை அடுக்கி ஏற்றிய நீண்ட லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அந்தக் கார்களில் இரும்பு உண்டு, அலுமினியம் உண்டு, ரப்பர் உண்டு. பீங்கானும் உண்டு என்றால் நம்புவீர்களா? பெட்ரோல் என்ஜினின் ஸ்பார்க் பிளக்கில் வெள்ளை வெளேரென்று ஒரு பகுதி தெரிகிறதே, அது அலுமினாவைச் சுட்டுச் செய்த பீங்கான். புகைக் குழாயின் இடையே, நச்சு வாயுக்களை மாற்றும் பெட்டிக்குள், தேன்கூடு போன்ற ஓர் அடைப்பு இருக்கும். அது கார்டியரைட் என்னும் மற்றொரு பீங்கான்.

தொழிற்சாலையில் ஆயிரம் பிளக்குகள் சுட்டால் ஆயிரமும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். அதே மண்ணையும் நெருப்பையும் கொண்டு, ஒன்றைப் போல் மற்றொன்று இல்லாத பொருள்களைச் செய்கிறவர்களும் நம் காலத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பீங்கான் கலைஞர்கள் என்கிறோம். அவர்கள் படைப்புகளைப் பார்க்க முன்பெல்லாம் பெருநகரக் கண்காட்சிகளுக்குப் போகவேண்டும். இப்போது கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஆனால் பார்ப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்.

முதல் தொல்லை தேடுவதில்தான். ‘செராமிக்’ என்று மட்டும் தேடினால் தரைக்குப் போடும் டைல்ஸ் கடைகளே வரிசையாக வந்து நிற்கும்! கலைஞரின் பெயரையோ பட்டறையின் பெயரையோ கொடுத்துத் தேடுவதே நல்லது. நமக்கு அருகிலிருந்தே தொடங்கலாம். 1971ஆம் ஆண்டு ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் ‘கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி’ என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்கள் பலர் இன்று இந்தியாவின் பல ஊர்களில் சொந்தமாகச் சூளை வைத்திருக்கிறார்கள். ஆரோவில்லின் ஆதில் ரைட்டர், வினீத் கக்கர், மாதவி சுப்பிரமணியன், அஞ்சனி கன்னா ஆகியோர் அவர்களுள் சிலர். அஞ்சனி கன்னாவின் படைப்புகளைப் பார்க்கும்போது உங்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. நம் கோயில் தூண்களில் நிற்கும் யாளியை அவர் களிமண்ணில் புதிதாகக் கற்பனை செய்திருக்கிறார்.

சரி, ஒரு ஜாடியின் படம் திரையில் வந்துவிட்டது. எதைப் பார்ப்பது?

ஊர்ப் பானை சுமார் 700 முதல் 900 டிகிரி செல்சியசு வரை சுடப்படுகிறது. அதில் நுண்துளைகள் எஞ்சியிருப்பதால் நீர் கசிந்து ஆவியாகிறது. உள்ளே உள்ள தண்ணீர் குளிர்கிறது. ஏற்ற களிமண்ணை எடுத்து 1,200 டிகிரிக்கு மேல் சுட்டாலோ, அதன் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைத்துவிடும். இதைக் கற்பாண்டம் என்கிறோம். உங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடி இந்த வகைதான். புதுச்சேரிப் பட்டறையில் சவுக்கு விறகை எரித்தே இந்த வெப்பத்தை எட்டினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஜாடியின் மேலுள்ள பளபளப்பான மெருகு, உண்மையில் ஒரு மெல்லிய கண்ணாடிப் படலம். கண்ணாடிக்கு மூலப்பொருள் சிலிக்கா. ஆனால் தூய சிலிக்கா உருகுவதற்குச் சுமார் 1,700 டிகிரி வேண்டும். அவ்வளவு வெப்பத்திற்குப் போனால் ஜாடியே உருக்குலைந்துவிடும். ஆகையால் சுண்ணாம்பு, பெல்ஸ்பார் போன்றவற்றைக் கலந்து உருகுநிலையைக் குறைக்கிறார்கள். விறகுச் சாம்பலிலும் கால்சியமும் பொட்டாசியமும் இருப்பதால் அதுவும் இந்த வேலையைச் செய்யும். விறகுச் சூளையில் சாம்பல் நெருப்போடு பறந்து வந்து பாண்டத்தின் தோளில் படிந்து, உருகி, வழியும். எனவே படத்தில் ஒரு பக்கம் மட்டும் மெருகு வழிந்திருந்தால் அந்தப் பக்கம் நெருப்பை நோக்கி இருந்தது என்று நீங்களே ஊகித்துவிடலாம்.

இனி நிறத்தைப் பார்ப்போம். மெருகில் சிறிதளவு இரும்பு ஆக்சைடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சூளையில் காற்றோட்டம் தாராளமாக இருந்தால் தேன் நிறமோ பழுப்போ கிடைக்கும். காற்றைக் குறைத்துப் புகையவிட்டால், ஆக்சிஜன் போதாத தீ, மெருகிலுள்ள ஆக்சைடிலிருந்தே ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். உங்கள் வேதியியல் பாடத்தில் வரும் ஒடுக்கம் இதுதான். அப்போது அதே மெருகு இளம்பச்சையாகிவிடும். அதற்குச் செலடன் என்று பெயர். செம்பின் கதை இன்னும் வேடிக்கையானது. காற்று நிறைய இருந்தால் பச்சை, ஒடுக்கத்தில் இரத்தச் சிவப்பு! கோபால்ட்டு மட்டும் எப்படிச் சுட்டாலும் நீலம்தான்.

இவ்வளவையும் திரையில் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவுதான் முடியும். கைப்பேசிக் கேமரா எது வெள்ளை என்பதைத் தானாக ஊகித்து, மற்ற நிறங்களை அதற்கேற்ப மாற்றிவிடுகிறது. செலடன் மெருகுக்குள் சிக்கியுள்ள நுண்குமிழிகள் ஒளியைச் சிதறடிப்பதால், பாண்டத்தைத் திருப்பத் திருப்ப அதில் ஓர் ஆழம் தெரியும். புகைப்படமோ ஒரே கோணத்தில் உறைந்து நிற்கிறது. ஒரே ஜாடியின் இரண்டு மூன்று படங்களை ஒப்பிடாமல் நிறத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அளவு விஷயத்தில் திரை இன்னும் மோசமாக ஏமாற்றும். சீனக் கலைஞர் ஆய் வெய்வெய் 2010ஆம் ஆண்டு இலண்டன் டேட் மாடர்ன் அரங்கில் ஒரு படைப்பை வைத்தார். படத்தில் அது சாம்பல் நிற ஜல்லி பரப்பிய தரைபோலத்தான் இருக்கும். உண்மையில் அவை பீங்கானால் செய்த சூரியகாந்தி விதைகள், ஏறத்தாழ 10 கோடி! பீங்கானுக்குப் புகழ்பெற்ற சிங்தெசென் நகரத்துத் தொழிலாளர்கள் ஒவ்வொரு விதையாகக் கையால் வண்ணம் தீட்டியவை. முதலில் பார்வையாளர்கள் அதன்மேல் நடந்தார்கள். சில நாட்களிலேயே அது தடைசெய்யப்பட்டது. நடக்கும்போது எழுந்த பீங்கான் தூசிதான் காரணம். சிலிக்கா கலந்த தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோய் வரக்கூடும். வனையும் கைகளை அழகாகக் காட்டும் வீடியோக்கள் இதைச் சொல்வதில்லை. நல்ல பட்டறையில் உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்கமாட்டார்கள், ஈரத்துணியால் துடைப்பார்கள். நீங்கள் களிமண் வேலையில் இறங்கினால் இதை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள்.

ரே மீக்கரிடம் திரும்புவோம். 1980களின் நடுவில் அவர் ஒரு துணிச்சலான சோதனையைத் தொடங்கினார். ஈரானில் பிறந்த நாதர் கலீலி என்ற கட்டடக் கலைஞர் காட்டிய வழி அது. பச்சைச் செங்கல்லால் வளைவுக் கூரையுடன் வீடு கட்டி, அதன் உள்ளே செங்கல்லும் ஓடும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கித் தீ மூட்டுவது! தீ அணைந்ததும் வீடும் சுட்ட வீடு, உள்ளிருந்த சரக்கும் சுட்ட சரக்கு. சரக்கை விற்றால் விறகுச் செலவு ஈடாகும், ஏழைக்கு மழையில் கரையாத மண்வீடு கிடைக்கும் என்பது கணக்கு. ஆரோவில்லில் இத்தகைய வீடு எழும்பியது. ஆயினும் இம்முறை ஊரெங்கும் பரவவில்லை. சுவர் தடிப்பானது, நெருப்பு உட்புறத்தில் மட்டும் எரிவதால் வெளிப்புறம் வரை வெப்பம் ஊடுருவுவது கடினம், விறகும் மலிவானதன்று. வழக்கமான கட்டட முறையை வெல்ல முடியாவிட்டாலும், என் கருத்தில் இந்த நூற்றுக்கணக்கான அழகிய கோப்பைகளைவிட அந்தச் சோதனையே சிறந்த படைப்பு. அதன் படங்களைத் தேடி, வளைவுக் கூரையின் செங்கல் வரிசையைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு பெயர்: மக்டலீன் ஒடுண்டோ. 1950இல் கென்யாவில் பிறந்து பிரிட்டனில் வாழ்பவர். இவர் சக்கரம் பயன்படுத்துவதில்லை, மெருகும் பூசுவதில்லை. கையாலேயே எழுப்பி, மேற்பரப்பைத் தேய்த்து மினுக்கி, காற்றோட்டமுள்ள சூளையில் சுடுகிறார், பாண்டம் செம்மஞ்சளாகிறது. சிலவற்றை மீண்டும் புகைமூட்டத்தில் சுட, அவை கருமையாகின்றன. இந்தச் சிவப்பையும் கறுப்பையும் எங்கோ பார்த்த நினைவு வருகிறதா? ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தவற்றில் கறுப்பு–சிவப்புப் பானைகள் உண்டு. உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. காற்று புகாத இடத்தில் ஒடுக்கமும் கரிப்படிவும், காற்றுப்பட்ட இடத்தில் செவ்விரும்பு ஆக்சைடும் சேர்ந்து செய்த வேலை அது. ஆதிச்சநல்லூர்ச் சேகரிப்பு சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தண்டலத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். போகும்போது கைப்பேசியில் ஒடுண்டோவின் படம் ஒன்றைச் சேமித்து எடுத்துச் செல்லுங்கள். பானைக்கு அருகில் வைத்துப் பார்க்கலாம்.