அடுக்குக் கோப்புறைகளை இணையக் கூட்டுப்பணித் தளத்திற்கு மாற்றுதல்

கோப்புறைக்குள் கோப்புறையாகப் பல நிலைகளில் அமைந்த ஆவணத் தொகுப்பு அடுக்குக் கோப்புறை எனப்படும். இதனைக் கூகுள் டிரைவ், ஷேர்பாயின்ட், விக்கிமீடியா பொதுவகம் போன்ற, பலர் சேர்ந்து பணியாற்றும் இணையத் தளங்களுக்குக் கொண்டுசெல்வது வெறும் நகலெடுக்கும் வேலை அன்று. ஒரு கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதும் அதைப் பற்றிய தகவலே. இடம் மாறும்போது எளிதில் தொலைவது இத்தகவல்தான்.

பாதையில் அடங்கிய பொருள்

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர், திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் இதில் இணைந்தன. இதுபோன்ற 10 அலுவலகங்களின் ஆவணங்கள் ஒரே தளத்திற்குச் செல்வதாகக் கொள்வோம். பம்மல் கோப்புறைக்குள் சொத்துவரி, அதற்குள் 2018, அதற்குள் ‘வார்டு 3’ என்றொரு கோப்பு இருக்கலாம். மற்ற 9 ஊர்களிலும் இதே பெயரில் கோப்புகள் இருக்கலாம். பாதை நீங்கினால் எது எந்த ஊருக்குரியது என்று தெரியாது. ஒன்றின்மேல் ஒன்று பதிந்து அழியவும் கூடும். வீட்டை விற்க வருபவருக்குப் பழைய பெயர்மாற்ற ஆணை கிடைக்காமல் போகும். ‘பம்மல்_சொத்துவரி_2018_வார்டு03’ எனக் கோப்பின் பெயரிலேயே பாதையைச் சேர்ப்பது இதைத் தவிர்க்கும்.

கோப்புறைகளே இல்லாத தளம்

விக்கிமீடியா பொதுவகத்தில் கோப்புறை கிடையாது. ஒவ்வொரு கோப்புக்கும் தனிப்பெயர் வேண்டும். வகைப்படுத்தப் பகுப்புகள் உண்டு. கோட்டூர்புரத்திலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வருடிய நாட்டுடைமை நூல்கள் 2,000-க்கும் மேற்பட்டவை இவ்வாறு பொதுவகத்தில் ஏற்றப்பட்டு, தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கப்படுகின்றன. ஒரு நூலை ஆசிரியர், துறை எனப் பல பகுப்புகளில் ஒரே நேரத்தில் சேர்க்கலாம். கணினிக் கோப்புறையில் அதே நூலை ஓரிடத்தில் மட்டுமே வைக்க முடியும். அல்லது படியெடுக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்களும் வரம்புகளும்

ஷேர்பாயின்ட்டில் கோப்புப் பெயர் உட்பட முழுப் பாதையும் 400 குறிகளுக்குள் இருக்க வேண்டும். லினக்ஸ் கணினிகளில் பொதுவாக ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவை. ‘தாம்பரம்’ என்பது 5 எழுத்து. ஒருங்குறியில் 8 குறிகள். ஆகவே 24 பைட். நீண்ட தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலப் பெயர்களைவிட விரைவில் வரம்பைத் தொடுவது இதனால்தான்.

மேலும், ‘கோ’ என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு விதமாகப் பதியலாம்: ககரத்துடன் ஓகாரக் குறி ஒன்று, அல்லது ஏகாரக் குறியும் காலும் தனித்தனியே. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்களைக் கணினி வேறுவேறாகக் கொள்ளலாம். மாற்றும் முன் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்திற்குக் கொண்டுவர வேண்டும்.

அனுமதிகள்

கூகுள் டிரைவில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்தால், அதற்குள் இருப்பவையும் இயல்பாகப் பகிரப்படும். உள்ளே ஆதார் நகல்களோ சம்பளப் பட்டியலோ இருந்தால் அவையும் வெளிப்படும். இவற்றை முதலிலேயே பிரித்துத் தனிக் கோப்புறையில் வைப்பது பாதுகாப்பானது.

மாற்றும் முறை

1. எல்லாக் கோப்புகளின் பாதை, அளவு, தேதி ஆகியவற்றைப் பட்டியலிடுதல்.
2. இரட்டைப் படிகளை நீக்கி, பெயர்களைச் சீராக்குதல்.
3. சிறிய கோப்புறை ஒன்றை முதலில் மாற்றிச் சோதித்தல்.
4. பகுதி பகுதியாகப் பதிவேற்றுதல்.
5. கோப்பு எண்ணிக்கையையும் அளவையும் பட்டியலுடன் ஒப்பிட்டு, சிலவற்றைத் திறந்து பார்த்தல்.
6. சரிபார்ப்பு முடியும்வரை மூலத் தொகுப்பை மாற்றாமல் வைத்திருத்தல்.

முதற்படியில் எடுக்கும் பட்டியலைப் புதிய தளத்திலேயே சேமிப்பது நல்லது. பழைய பாதையை மட்டும் நினைவில் வைத்திருக்கும் ஊழியருக்கு அதுவே கோப்பைக் கண்டுபிடிக்கும் வழி.