முதுமையும் தனிமையும் உடலுழைப்பும்

அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தே அமைந்துள்ளது டயகம. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் நாற்பது ஆண்டு கூடை சுமந்த மூதாட்டி ஒருவரின் கால்கள் எத்துணை உரம் பெற்றிருக்கும் என்பதைச் சமநிலத்திற் பிறந்த எம்போல்வார் எளிதில் உணரார். விடியலிற் பெரட்டுக்குச் செல்லுதல், மலை ஏறுதல், நிரை பிடித்துக் கொழுந்தெடுத்தல், நிறுவைக்கு இறங்குதல் என அவர் வாழ்வே நடையாகும். செக்றோலிற் பெயர் நீங்கிய நாள் முதல் அந்நடை குறைகின்றது. 2020 ஆம் ஆண்டில் எஞ்சியதும் தடைப்பட்டது.

அவ்வாண்டு மார்ச்சு 20 ஆம் திகதி மாலை, கொரோனாத் தொற்றின் பொருட்டு நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. தேயிலைத் தொழிலுக்கு விலக்களிக்கப்பட்டமையால் இளையோர் மலைக்குச் சென்றனர். முதியோரோ வீட்டினுள் இருக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். கோயிலில்லை, சந்தையில்லை, கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சித்திரை வருடப்பிறப்புக்கு வருதற்கும் வழியில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடியான பழைய லயத்துக் காம்பராவில் உலாவ இடமேது?

இங்கே உடலியலைச் சிறிது நோக்குதல் வேண்டும். அச்சமும் கவலையும் எழும்போது சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் அதிரினலின், கோட்டிசோல் என்பவற்றைக் குருதியிற் கலக்கின்றன. நாடி விரைகின்றது, குருதியிற் சர்க்கரை ஏறுகின்றது. இவையாவும் ஓடுதற்கோ போராடுதற்கோ உடல் செய்யும் ஆயத்தமாம். ஓடாமலும் போராடாமலும் பாயிற் கிடந்தால் அவ்வாயத்தம் வீணாகி, உறக்கத்தைக் கெடுத்துத் தசையையும் கரைக்கும். நடப்பவரின் தசைகளோ அச்சர்க்கரையை ஈர்த்துச் செலவிடுகின்றன. பகலொளியில் நடப்பின் இரவில் உறக்கமும் கூடும்.

படுக்கை எத்துணை விரைவிற் கேடு செய்யும்? சராசரி அகவை 67 ஆகிய, நோயற்ற பதினொருவர் பத்து நாள் படுக்கையில் இருத்தப்பட்டபோது, கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் தசை குறைந்ததென 2007 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கூறுகின்றது. ஊரடங்கோ வாரக்கணக்கில் நீண்டது.

"பாடுபட்ட உடம்பு, இனிச் சும்மா இருக்கட்டும்" என்று முதியோரை இருத்திவைப்பது எம்மவரின் அன்பு வழக்கம். அவ்வன்பை யாம் குறை கூறோம்; ஆயினும் அது தவறான மருந்து என்றே கருதுகின்றோம். (சாய்வுநாற்காலியிலிருந்து இதனைப் படிக்கும் எம் பழைய மாணவர்களும் பொறுத்தருள்க.) அறுபத்தைந்து கடந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமாக உடலை இயக்குதலும், மூன்று நாளேனும் உடற்சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி செய்தலும் நன்றென உலகச் சுகாதார நிறுவனம் 2020 இல் வகுத்தது.

லயத்திலே இதற்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. இஸ்தோப்பில் இக்கோடிக்கும் அக்கோடிக்கும் நடக்கலாம். நாற்காலியிலிருந்து கைபிடியாது பத்துமுறை எழுந்தமரலாம். கதவுநிலையைப் பற்றி ஒற்றைக்காலில் நிற்கலாம். லயத்தின் பின்னுள்ள மரக்கறித் தோட்டத்திற் களை பிடுங்குதல் இவையெல்லாவற்றினும் மேலானது. அதில் ஒரு பயனும் உண்டன்றோ! பனி விலகிப் படிக்கட்டு உலர்ந்தபின் புறப்படுக. நெஞ்சு நோவோ மூச்சுத்திணறலோ தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுக. அடுத்த காம்பராக்காரரும் அதே வேளையில் தம் வாசலில் நடப்பாராயின், எட்ட நின்றே இருவரும் ஊர்க்கதை பேசிக்கொள்ளலாம்.