வங்கியுடன் பிணக்கு எழும்போது இரண்டாம் கணக்கு

பெரும்போக விதைப்பு ஐப்பசி மழையை அண்டி நிகழ்வது. அவ்வேளையிற் கையிற் பணமில்லையெனிற் பருவம் காத்திராது. திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பகுதி நெற்செய்கையாளருக்கும் குச்சவெளிப் பகுதி வெங்காயச் செய்கையாளருக்கும் இஃது ஒருங்கே பொருந்தும்.

நெல் விற்ற பணமும் உரமானியமும் இன்று பெரும்பாலும் வங்கிக் கணக்கிலேயே வந்து சேர்கின்றன. கடன் தந்த வங்கியும் அதுவேயாயின், வட்டி அல்லது தவணைபற்றிப் பிணக்கு எழும்போது இடருண்டு. வைப்பிலுள்ள பணத்தைக் கடனுக்கு ஈடாகக் கழித்துக்கொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. கடன் உடன்படிக்கையில் அதற்கான வாசகத்தைப் படித்தறிதல் நன்று.

ஆகவே, கடனில்லாத வேறொரு வங்கியிற் சேமிப்புக் கணக்கொன்றைக் காலத்தோடு திறத்தல் வேண்டும். அதே வங்கியின் வேறு கிளையிற் றிறத்தல் பயன்தராது. அடையாள அட்டையையும் வதிவிடச் சான்றையும் கொண்டுசெல்க. புதிய கணக்கிலக்கத்தைக் கமநல சேவை நிலையத்திலும் நெல் கொள்வோரிடமும் எழுத்திற் கொடுக்க. பணம் அதில் வந்து சேரும்வரை பழைய கணக்கை மூடலாகாது.

இரண்டாம் கணக்குக் கடனைத் தீர்க்காது. பிணக்கில்லாத தவணையை ஒழுங்காகச் செலுத்திப் பற்றுச்சீட்டைப் பேணுக. முறைப்பாட்டை முதலில் வங்கிக்கே எழுத்திற் கொடுக்க. தீராவிடின், 2020ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம். தொலைபேசி இலக்கம் 1935. மத்திய வங்கியின் பிரதேச அலுவலகம் திருகோணமலையிலும் உண்டு.