மிதிவண்டிச் சக்கரத்தின் கோட்டமும் அதனை நீக்கும் முறையும்

கொல்கத்தா மாநகரில் 1902ஆம் ஆண்டு எஸ்பிளனேடுக்கும் கிதர்ப்பூருக்கும் இடையே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. அதன் தண்டவாளங்கள் வீதியின் மட்டத்திலேயே பதிக்கப்பெற்றவை. அவற்றின் நெடுக ஓர் ஒடுங்கிய பள்ளம் உண்டு. டிராம் போக்குவரத்து இன்று பெரிதும் சுருங்கிவிட்டது. ஆயினும், தண்டவாளம் எஞ்சியுள்ள வீதிகளில் அப்பள்ளம் மிதிவண்டியின் டயரைப் பற்றிக்கொள்ளக்கூடும். மழைநீர் தேங்கினால் அது கண்ணுக்கும் புலப்படாது. அகப்பட்ட சக்கரம் பக்கவாட்டில் வளைகிறது. பழுது பார்ப்போர் இவ்வளைவைக் ‘கோட்டம்’ என்பர். மிதிவண்டியில் பால் கொண்டுசெல்வோருக்கு அது ஒரு நாள் வருவாயின் இழப்பாகும். எந்தக் கோட்டம் நீங்கும், எது நீங்காது என அறிந்தால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

சக்கரத்தின் வலிமை கம்பிகளின் இழுவிசையில் உள்ளது. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பி அழுத்தத்தைத் தாங்காது வளைந்துவிடும். ஆனால் இழுப்பை நன்கு தாங்கும். எல்லாக் கம்பிகளும் சீராக இறுகியிருக்கும்வரை ரிம் வட்டமாக நிற்கும். இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற குறுக்கிட்டுச் செல்லும் கம்பி அமைப்பே இன்றும் பெரிதும் வழங்குகிறது.

கோட்டம் நீக்க, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டியூபிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். கவட்டையில் ஒரு சுண்ணக்கட்டியை ரிம்மை ஒட்டிப் பிடித்துச் சக்கரத்தை மெல்லச் சுழற்றினால், கோடு விழும் இடமே கோணிய இடம். ரிம் வலப்புறம் சாய்ந்திருப்பின், அவ்விடத்தில் குடத்தின் வலப்புறத்திலிருந்து வரும் கம்பிகளைத் தளர்த்தி, இடப்புறக் கம்பிகளை அதே அளவு இறுக்க வேண்டும். டயரின் பக்கமிருந்து நோக்கி நிப்பிளை வலஞ்சுழியாகத் திருப்பினால் கம்பி இறுகும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. ஒவ்வொரு முறையும் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தல் வேண்டும்.

பணி முடிந்தபின் ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் மீட்ட வேண்டும். அவை ஏறத்தாழ ஒத்த ஒலி எழுப்பினால் இழுவிசை சீராக உள்ளது எனலாம். மந்தமாக ஒலிக்கும் கம்பி தளர்ந்தது. நிப்பிளுக்கு அப்பால் நீண்ட கம்பி முனையை அராவிவிட வேண்டும். இன்றேல் அது டியூபைத் துளைக்கும்.

ரிம்மில் கூர்மையான மடிப்போ வெடிப்போ காணப்படின் அதனை நீக்கிவிடுவதே தக்கது. கம்பிகளைக் கழற்றிச் சமதளத் தரையில் வைத்தபோதும் ரிம் படியாது நின்றால், கம்பியை இறுக்கி அதனை நேராக்க முயலலாகாது. குடம் நல்ல நிலையில் இருப்பின் ரிம்மை மட்டும் மாற்றலாம். புதியது பழையதன் அளவையும் துளை எண்ணிக்கையையும் ஒத்திருத்தல் வேண்டும். பழைய பாணி இந்திய வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 கம்பிகள் வழக்கம். இரு ரிம்களையும் வால்வுத் துளை நேர்படச் சேர்த்துக் கட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றினால் பின்னல் முறை பிறழாது.

சக்கரத்தைப் பூட்டியபின் அது கவட்டையின் நடுவில் நிற்கிறதா, அச்சு நட்டுகள் இறுகியுள்ளனவா, பிரேக் கட்டைகள் உராயாமல் சுழல்கிறதா என நோக்கிய பின்னரே வண்டியில் ஏறுதல் வேண்டும். தண்டவாளத்தை எப்பொழுதும் குறுக்காக, இயன்றவரை செங்கோணத்தில், கடப்பதே கோட்டம் நேராதிருக்க வழி.