பேரப்பிள்ளையைக் காணும் உரிமை

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே, கடனீரேரியின் கரையில் அமைந்த ஊர் கொழும்புத்துறை. அவ்வூரிலும் சரி, குடாநாட்டின் பிற ஊர்களிலும் சரி, பெண்ணுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுத்து, மாப்பிள்ளையை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்வது நெடுங்கால வழக்கம். ஆகையால் பிறக்கும் பிள்ளை அம்மம்மாவின் கைக்கெட்டும் தூரத்திலே வளர்கின்றது. அப்பம்மா வேறோர் ஒழுங்கையிலோ வேறோர் ஊரிலோ இருப்பார். பிள்ளையைக் காணவேண்டுமாயின் அவர்தாம் நடந்து வரவேண்டும். மகன் அவ்வீட்டில் இருக்கும் வரையில் இஃது ஒரு குறையாகத் தோன்றுவதில்லை. மகன் காணாமற் போனபின், இரு குடும்பங்களுக்கும் மனத்தாங்கலும் உண்டாகிவிட்டால், அவர் அவ்வீட்டுப் படலைக்கு வெளியே நிற்கும் ஒருவராகிவிடுகிறார்.

இவ்வாறு வெளியே நிற்கும் பேரனுக்கும் பேத்திக்கும் பிள்ளையைக் காணும் உரிமை உண்டா? உண்டெனில் அதனை யாரிடம் கேட்பது? யாழ்ப்பாணத்தார் பாட்டனையும் பேரன் என்பர். பாட்டியையும் பேத்தி என்பர். ஒரே சொல் மூத்தோருக்கும் இளையோருக்கும் வழங்குவது அவ்வுறவின் நெருக்கத்தைக் காட்டுகின்றது. ஆயினும் சொல்லில் உள்ள நெருக்கம் சட்டத்திலும் இருக்கவேண்டும் என்பதில்லை.

முதலிற் கவனிக்கவேண்டியது, தந்தை இறந்த வீடு வேறு, தந்தை காணாமற் போன வீடு வேறு என்பதாகும். இறந்தவருக்கு அந்தியேட்டி நடக்கின்றது. ஆண்டுத் திவசம் வருகின்றது. துக்கத்துக்கு ஓர் எல்லை கிடைக்கின்றது. காணாமற் போனவருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. 1990 ஆம் ஆண்டு தொடக்கம் காணாமற் போனோராகச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் பதியப்பட்டு, முடிவு தெரியாமல் இருப்பவர்கள் 16,000 பேருக்கு மேல் என அக்குழு 2016 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. அவர்களுள் 5,000 பேருக்கு மேற்பட்டோர் அரச படையினர். ஆகவே இத்துயர் வடக்குக்கு மாத்திரம் உரியதன்று. தென்னிலங்கைக் கிராமங்களிலும் இதே கேள்வியோடு தாய்மார் இருக்கின்றனர்.

இத்தகைய வீட்டிலே சண்டை எங்கிருந்து தொடங்குகின்றது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். கணவன் காணாமற் போய்ப் பல ஆண்டுகள் சென்றுவிட்டன. மனைவிக்கு வங்கிக் கணக்கைத் திறக்கவேண்டும். உதவிப் பணம் பெறவேண்டும். காணி உறுதியை ஒழுங்குபடுத்தவேண்டும். எந்தக் கந்தோருக்குப் போனாலும் இறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்கின்றனர். அவள் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அதற்கு விண்ணப்பம் எழுதுகிறாள். இச்செய்தி மாமியாரின் காதுக்கு எட்டுகின்றது. “என் பிள்ளையை உயிரோடு கொன்றுவிட்டாளே” என்கிறார் அவர். அந்த ஒரு சொல்லோடு போக்குவரவு நின்றுவிடுகின்றது. மருமகள் செய்தது பிள்ளையைப் பட்டினி போடாமல் வளர்ப்பதற்காக. மாமியார் சொன்னது மகன் ஒருநாள் வருவான் என்னும் நம்பிக்கையால். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. இடையிலே நிற்கும் பிள்ளைக்குத் தகப்பனோடு அப்பம்மாவும் இல்லாமற் போகிறார்.

இச்சண்டையின் வேர் ஒரு கடதாசியில் இருப்பதை உணர்ந்தே சட்டம் ஒருவாறு திருத்தப்பட்டது எனலாம். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இறப்புப் பதிவுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், போர் முதலியவற்றால் ஓராண்டுக்கு மேலாகக் காணாமற் போனோர்க்கு இறப்புச் சான்றிதழ் பெறும் வழியை மாத்திரமே தந்தது. அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாத குடும்பத்துக்கு அதில் இடம் இல்லை. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் என்னும் புதிய ஆவணத்தை உண்டாக்கிற்று. காணாமற் போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் அதே ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் பிராந்திய அலுவலகம் ஒன்று 2019 இல் யாழ்ப்பாணத்திலே திறக்கப்பட்டது. காணக்கிடைக்காமைச் சான்றிதழ் ஒருவர் இறந்தார் என்று கூறுவதில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை என்று மாத்திரமே கூறுகின்றது. அதனைக் கொண்டு சமூக நல உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். காணாமற் போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். திருமணப் பிணைப்பு அதனால் முடிவுறாது. மறுமணம் செய்ய எண்ணும் பெண்ணுக்கு இது போதாதெனினும், வயிற்றுப்பாட்டுக்காக அலையும் பெண்ணையும் மகனை எதிர்பார்த்திருக்கும் மாமியாரையும் ஒரே திண்ணையில் இருத்தக்கூடிய கடதாசி இஃது ஒன்றே. காணாமற் போனவரைத் தேடித் தருவதற்குப் பதிலாகக் கடதாசியைத் தருகிறார்களே என்று கசந்து கூறும் தாய்மாரும் உளர். அக்கசப்பைத் தவறென்று தள்ளிவிட முடியாது.

கடதாசிக்கு அடுத்தபடியாக நிற்பது காணி. இங்கே தேசவழமையைச் சற்று நினைவுகூர்தல் பொருந்தும். ஒல்லாந்தர் ஆட்சியில், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர், ஊர் வழக்கங்களைக் கேட்டறிந்து 1706 இல் அதனைத் தொகுத்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டி உறுதிசெய்யப்பட்டது. 1806 இல் ஆங்கிலேயர் அதனைச் சட்டமாக ஏற்றனர். பேரன் பேத்தியர் அத்தொகுப்பிலே இடம் பெறுகின்றனர். தாய் இறந்து, தந்தை மறுமணம் செய்யப் புகுந்தால், தாய்வழிப் பேரனும் பேத்தியும் பிள்ளைகளை வளர்ப்பதற்கு எடுத்துக்கொள்வது வழக்கம் என்றும், அப்பொழுது தாய் கொண்டுவந்த சீதனம் முழுவதையும், அத்திருமணக் காலத்துத் தேடியதேட்டத்திற் பாதியையும் தந்தை பிள்ளைகளோடு சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்றும் அது கூறுகின்றது.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. பிள்ளை போகும் இடத்துக்குச் சொத்தும் கூடவே போகின்றது. அநாதைப் பிள்ளையின் உடைமை சிற்றன்னையின் கைக்குப் போய்விடாமல் காப்பதற்கு அக்காலத்து முன்னோர் செய்த ஏற்பாடு அது, அறிவுடைய ஏற்பாடே. ஆனால் பிள்ளையையும் சொத்தையும் ஒரே மூச்சிற் பேசும் அந்தப் பழக்கம் இன்னும் மனங்களிலே தங்கியிருக்கின்றது. அப்பம்மா “பிள்ளையை ஒருக்காற் பார்க்கவேண்டும்” என்று ஆள் அனுப்பினால், “முதுசக் காணிக்கு வழி பார்க்கிறார்” என்று மருமகள் வீட்டார் எண்ணுகின்றனர். மருமகள் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் காணி விடயம் பேசினால், “சொத்துக்காகத்தான் உறவு கொண்டாடுகிறாள்” என்று இவர்கள் எண்ணுகின்றனர். உண்மையில் இன்று இவை இரண்டும் வெவ்வேறு வழக்குகள். சொத்து விடயத்தில் தேசவழமையும் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய கட்டளைச்சட்டமும் இன்றும் பேசப்படுகின்றன. பிள்ளை யாரிடம் வளர்வது என்பதோ நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோமன் – டச்சுச் சட்டத்தின் வழியே தீர்க்கப்படுகின்றது.

அப்பொதுச் சட்டம் யாது சொல்கின்றது? தந்தையும் தாயுமே பிள்ளையின் இயல்பான பாதுகாவலர். ஒருவர் இல்லாதவிடத்து மற்றவர் அப்பொறுப்பை முழுமையாகத் தாங்குகிறார். அவரிடமிருந்து பிள்ளையை மூன்றாம் ஆள் ஒருவர் கேட்பதாயின், அங்கே இருப்பதாற் பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஊறு நேரும் என்று காட்டவேண்டும் என்பது பழைய நெறி. பேரனும் பேத்தியும் இங்கே மூன்றாம் ஆட்களே! பேரப்பிள்ளையைச் சென்று காணும் உரிமை என்று அவர்களுக்குத் தனியாக எழுதிவைத்த சட்டப்பிரிவு இலங்கையில் இல்லை. நெடுங்காலமாக இந்நாட்டிலே வழங்கிவந்த பிறப்புச் சான்றிதழிற் பேரனாரின் பெயரையும் அவர் பிறந்த ஆண்டையும் இடத்தையும் எழுதுவதற்கு ஒரு கூடு இருந்தது. பிள்ளை இந்நாட்டவர் என்று நிறுவுவதற்குப் பேரனார் வேண்டும். அப்பிள்ளையைக் காண்பதற்கு மாத்திரம் அவருக்கு எழுத்தில் உரிமை இல்லை.

ஆயினும் வாயில் முற்றாக அடைக்கப்படவில்லை. பிள்ளைகள் அனைவருக்கும் மேலான பாதுகாவலர் நீதிமன்றம் என்பது அதே உரோமன் – டச்சுச் சட்டத்தின் கொள்கை. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயம், ஊர் வழக்கப்படி பிள்ளைக்கு வழிகாட்டும் விரிந்த குடும்பத்தாரின் பொறுப்பையும் மதிக்கவேண்டும் என்கின்றது. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டமோ, பிள்ளைகளைப் பற்றிய எல்லா விடயங்களிலும் பிள்ளையின் சிறந்த நலனே தலையாயது என்று வெளிப்படையாகவே கூறுகின்றது. ஆகவே “எனக்குப் பார்க்க உரிமை உண்டு” என்று கேட்கும் பேத்தியின் வழக்கு மெலிந்தது. “என்னைப் பார்ப்பது பிள்ளைக்கு நன்மை” என்று காட்டுபவரின் வழக்கு வலியது.

பிற நாடுகளும் இவ்வழியே தட்டுத்தடுமாறி வந்திருக்கின்றன. அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்திலே தந்தையை இழந்த இரு சிறுமியர் பற்றிய வழக்கு 2000 ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் வரை சென்றது. தாய் தம்மைப் பிள்ளைகளிடமிருந்து முற்றாகத் தடுத்தார் என்று தந்தைவழிப் பேரனும் பேத்தியும் கூறவில்லை. சந்திப்பைக் குறைத்துவிட்டார் என்பதே முறைப்பாடு. தகுதியுள்ள தாயின் தீர்மானத்துக்கு உரிய மதிப்புக் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று; பேரன் பேத்தியர் தோற்றனர். தென்னாபிரிக்காவும் இலங்கையைப் போல உரோமன் – டச்சுச் சட்டத்தைக் கொண்ட நாடு. அங்கே 2005 ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம், பிள்ளையின் நலனில் அக்கறையுள்ள எவரும் தொடர்பு வேண்டி நீதிமன்றத்தை நாடலாம் என்று வழிசெய்தது. இலங்கைச் சட்டம் இயற்றுவோர் நோக்கத்தக்க எடுத்துக்காட்டு அது. இந்தியாவிலோ, பெற்றோர் இருவரையும் 2021 இற் கொரோனா நோய்க்குப் பறிகொடுத்த ஒரு சிறுவனைக் குசராத்து மேல் நீதிமன்றம் தாயின் சகோதரியிடம் ஒப்படைத்தது. 2022 இல் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றித் தந்தைவழிப் பேரன் பேத்தியிடம் ஒப்படைத்தது. முதுமையும் குறைந்த வருமானமும் அவர்களை விலக்கப் போதிய காரணங்கள் ஆகா என்பது அத்தீர்ப்பின் கருத்து.

காணாமற் போனோரின் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது ஆர்சென்ரீனா நாட்டு மூதாட்டியரைச் சொல்லாமல் விடமுடியாது. 1976 முதல் 1983 வரை அங்கே நடந்த இராணுவ ஆட்சியில் இளந்தாய்மார் பலர் பிடித்துச் செல்லப்பட்டனர். அவர்களுடைய குழந்தைகள் வேறு குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டனர். 1977 இல் அக்குழந்தைகளின் பேத்திமார் ஒன்றுகூடி ‘மே சதுக்கத்துப் பாட்டியர்’ என்னும் சங்கத்தை அமைத்தனர். பெற்றோர் இருவரும் இல்லாதபோது, பாட்டியின் குருதியைக் கொண்டே பேரப்பிள்ளையை அறியும் முறையை அறிவியலாளர் அவர்களுக்காக 1984 அளவில் வகுத்தனர். இதுவரை 130 பேருக்கு மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டுள்ளனர். தன் பெயரையும் குடும்பத் தொடர்பையும் காத்துக்கொள்ளப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்னும் சமவாயத்தின் 8 ஆம் உறுப்புரை ஆர்சென்ரீனாவின் முயற்சியாலேயே சேர்ந்தது. யாழ்ப்பாணத்து அப்பம்மாவின் நிலை அதுவன்று. பிள்ளை எங்கே இருக்கின்றது என்பது அவருக்குத் தெரியும், இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கின்றது. ஆயினும் காணாமற் போன தகப்பன் யார், அவன் எப்படிச் சிரிப்பான், சிறு வயதில் எதற்குப் பயந்தான் என்று பிள்ளைக்குச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே.

இனி, செயலுக்கு வருவோம். சில மூதாட்டியர் வேறு வழியின்றி இடைவேளையிலே பாடசாலைப் படலைக்கு வந்து நிற்கின்றனர், கையில் ஒரு பொதி பலகாரத்துடன். அதிபருக்கு இது தருமசங்கடம். பாதுகாவலராகப் பதியப்பட்டவரின் சம்மதமின்றிப் பிள்ளையை அழைத்து விடுதல் முறையன்று. திருப்பி அனுப்புவதற்கோ மனம் வராது. அதனிலும் கொடியது, வகுப்புப் பிள்ளைகள் பார்த்திருக்க, “அம்மாவுக்குச் சொல்லாதே” என்று பிள்ளையின் கையிலே பலகாரத்தைத் திணிப்பது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த இரகசியம் பெரும் பாரம்.

பாடசாலைப் படலையைவிட நல்ல இடங்கள் உள. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு அலுவலர் இருக்கிறார். அவர் இரு வீட்டாரையும் அழைத்துப் பேசலாம். அங்கே எழுதிக்கொள்ளும் இணக்கம் தீர்ப்பாகாவிடினும், பின்னர் நீதிமன்றத்தில் இரு பக்கத்து நல்லெண்ணத்துக்கும் சான்றாகும். அதுவும் பயன்படாவிடின் மாவட்ட நீதிமன்றம் உண்டு. வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். நீதிபதி நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்பார். பிள்ளை விவரம் அறிந்த வயதினதாயின் அதன் விருப்பத்தையும் கேட்பார். பிள்ளையை ஒருவர் தூக்கிச் சென்று மறைத்துவைத்தால் அன்றி, ஆட்கொணர்வு மனு வரைக்கும் போகவேண்டியதில்லை.

கேட்பதையும் அளந்து கேட்டல் நன்று. “பிள்ளையை எங்களிடம் விடவேண்டும்” என்று தொடங்கும் மனுவைக் கண்டவுடன் தாய் தன் பிள்ளை பறிபோகிறதென்று அஞ்சி, முழு மூச்சோடு எதிர்ப்பாள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி முதல் பகல் ஒரு மணி வரை, தாய்க்குப் பழக்கமான ஓர் உறவினர் வீட்டிலே என்று கேட்டால், எதிர்ப்பதற்கு அவளுக்கே காரணம் கிடைப்பது அரிது. காணியைப் பற்றிய ஒரு சொல்லும் அம்மனுவில் இருத்தலாகாது. மகன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்னும் விவாதமும் அதில் வேண்டாம். அதனைத் தீர்ப்பது அந்நீதிமன்றத்தின் வேலையன்று. தாயும் சிலவற்றைக் கேட்கலாம்: தன்னைப் பற்றிப் பிள்ளையிடம் குறைகூறக்கூடாது, தகப்பன் நாளைக்கே வந்துவிடுவார் என்று நாள் குறித்து ஆசை காட்டக்கூடாது என்பன போன்றவை. இவற்றையும் நிபந்தனையாக எழுதிக்கொள்ள முடியும். இத்தகைய கட்டளை என்றைக்கும் மாறாத தீர்ப்பன்று. மூன்று மணி நேரம் நல்லபடி நடந்தால், அடுத்த ஆண்டு பாடசாலை விடுமுறையில் இரண்டு நாள் அப்பம்மா வீட்டிலே தங்குவதற்குக் கேட்கலாம்.